ஒரு சதுர மீட்டரில் ஓர் ஆய்வு

மாநாட்டு மண்டபத்தில் இருநூறு போஸ்டர்கள் தொங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். பார்வையிட ஒதுக்கிய நேரம் இரண்டு மணி. எல்லாவற்றையும் பார்க்க ஒருவர் ஆசைப்பட்டால் ஒன்றுக்குக் கிடைப்பது 36 விநாடி. அதிலும் நடக்கிற நேரம் போக வேண்டும், டீ குடிக்கிற நேரம் போக வேண்டும், எதிரே வந்த பழைய தோழரிடம் நின்று பேசுகிற நேரமும் போக வேண்டும். மிஞ்சும் விநாடிகளை நம்பித்தான் ஆய்வு மாணவர்கள் சில ஆண்டு உழைப்பை அச்சடித்து, குழாயில் சுருட்டி, ரயிலில் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்கிறார்கள். ஆங்கிலத்தில் மனத்துக்குள் வாசிப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 240 சொல் படிப்பார். போஸ்டரில் எண்ணூறு சொல் இருந்தால் படித்து முடிக்க மூன்று நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். கணக்கு உதைக்கிறது.

போஸ்டர் வடிவமைப்பு என்பது முதலில் இந்தக் கணக்கைச் சரிக்கட்டுகிற வேலை. வண்ணமும் எழுத்துருவும் அலங்காரமும் அதற்குப் பின்னால் வருபவை.

அறிவியல் மாநாடுகளில் போஸ்டர் நுழைந்து அரை நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. 1969இல் மாட்ரிட் நகரில் நடந்த ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கக் கூட்டமைப்பின் கூட்டத்தில் அதற்கென ஓர் அமர்வு இருந்தது. பன்னாட்டுக் கூட்டங்களில் அதையே முதலாவதாகச் சொல்கிறார்கள். 1974இல் மின்னியாபொலிஸ் நகரில் கூடிய அமெரிக்க உயிர்வேதியியலாளர்கள் அந்த முறையைக் கையில் எடுத்தபின் அது பரவியது. காரணம் எளிது. ஆய்வுகள் பெருகிவிட்டன, மேடைகள் போதவில்லை. பத்து நிமிடப் பேச்சுகளை ஒரே நேரத்தில் பல அறைகளில் நடத்தினால், கேட்க விரும்பிய இரண்டில் ஒன்றைத் தவறவிட வேண்டும். பேச்சு முடிந்ததும் கேள்விக்கு நேரம் இருக்காது. சுவரில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஆய்வாளரை நிறுத்திவிட்டால் ஆர்வமுள்ளவர் தேடி வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஆக, போஸ்டர் பிறந்ததே பேச்சுக்காக. அமெரிக்க நரம்பறிவியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வருவதுண்டு. அங்கே போஸ்டர் வரிசைகளுக்கு இடையே நடப்பதே ஒரு பயணம். அத்தனை பெரிய கூட்டத்திலும் உண்மையான அறிவியல் உரையாடல் நடப்பது இந்தப் பலகைகளின் முன்னால்தான்.

ஆனால் போஸ்டர் வந்தபோது அதற்கென்று ஒரு வடிவம் வரவில்லை. ஆய்விதழ்க் கட்டுரையின் எலும்புக்கூட்டை அப்படியே எடுத்து மாட்டிவிட்டார்கள்: முன்னுரை, நோக்கம், முறைகள், முடிவுகள், விவாதம், நன்றி, மேற்கோள்கள். உட்கார்ந்து, தனியாக, பென்சிலால் கோடு போட்டுப் படிப்பவருக்கு அந்த வரிசை பொருந்தும். கையில் காகிதக் கோப்பையோடு நின்றுகொண்டிருப்பவருக்குப் பொருந்தாது. அவருக்கு முதலில் தெரிய வேண்டியது 'என்ன கண்டுபிடித்தீர்கள்' என்பது. அந்த விடையோ பெரும்பாலான போஸ்டர்களில் வலது பக்கம் கீழே, முழங்கால் உயரத்தில், நான்காவது பத்தியின் கடைசி வரியில் கிடக்கிறது.

எழுத்தின் அளவிலிருந்து தொடங்கலாம். இதில் அவரவர் ரசனைக்கு இடம் குறைவு; கண்ணின் கட்டமைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது. விழித்திரையின் நடுவே ஒரு சிறு குழி இருக்கிறது. கூர்மையான பார்வை அங்கே மட்டும்தான். கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அகலம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறத்தாழ அவ்வளவுதான், அதாவது சுமார் இரண்டு பாகை. அதற்கு வெளியே தெரிவதெல்லாம் மங்கல். அதனால் கண் ஓரிடத்தில் நிற்காமல் விநாடிக்கு மூன்று முறை போலத் தாவித் தாவி ஊன்றுகிறது. 36 விநாடியில் நூறு ஊன்றல்கள். அந்த நூறையும் எங்கே செலவழிக்க வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தால் சிரமமின்றி ஓடும் என்பதை கார்டன் லெக், சார்லஸ் பிகலோ இருவரும் 2011இல் தொகுத்துக் காட்டினார்கள். ஆங்கிலச் சிற்றெழுத்தான 'எக்ஸ்' கண்ணில் 0.2 பாகைக்குக் குறையாத கோணத்தை அடைத்தால் வாசிப்பு தன் முழு வேகத்தில் போகும். அதற்குக் கீழே போனால் வேகம் சட்டென்று சரியும். போஸ்டர் படிப்பவர் நிற்பது ஒன்றரை மீட்டர் தள்ளி என்று கொண்டால், 0.2 பாகை என்பது 5.2 மி.மீ. பெரும்பாலான எழுத்துருக்களில் 'எக்ஸ்' உயரம் மொத்த அளவில் பாதி. அப்படியானால் பத்திகளின் எழுத்து 30 புள்ளியாவது (பாயின்ட்) இருக்க வேண்டும். தலைப்பை ஐந்து மீட்டர் தொலைவில் நடந்து போகிறவர் படிக்க வேண்டும்; அதே கணக்கு 100 புள்ளிக்குப் போய் நிற்கிறது. கட்டுரையிலிருந்து 12 புள்ளி எழுத்தை வெட்டி ஒட்டினால் என்ன ஆகும்? ஒன்றரை மீட்டரில் அது கண் மருத்துவரின் அட்டையில் 6/6 வரிக்குச் சமம். கண்ணாடி போட்டுச் சரிசெய்த நல்ல பார்வை உள்ளவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். யாரும் அப்படி நின்று படிக்கப் போவதில்லை.

இதைச் சோதிக்க அச்சகம் வரை போகத் தேவையில்லை. ஏ-0 தாள் 841க்கு 1189 மி.மீ., பரப்பு ஒரு சதுர மீட்டர். ஏ-4 தாள் நீளத்திலும் அகலத்திலும் அதில் சரியாகக் கால் பங்கு. போஸ்டரை ஏ-4இல் அச்செடுத்து 40 செ.மீ. தொலைவில், அதாவது புத்தகம் படிக்கிற தூரத்தில் பிடித்தால், எழுத்துகள் கண்ணில் அடைக்கும் கோணம் முழு அளவு போஸ்டரை 1.6 மீட்டரில் நின்று பார்ப்பதற்குச் சமம். தாளை முகத்துக்கு அருகே கொண்டுவரத் தோன்றினால் எழுத்து சிறிது என்று பொருள். இரண்டு ரூபாய்ச் செலவில் இதைவிட நேர்மையான சோதனை இல்லை.

தமிழில் போஸ்டர் செய்பவர்கள் இந்த அளவுகளை இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நம் எழுத்துகளில் சுழிகள் நெருக்கம். 'ணை', 'ஞ', 'ஜூ' போன்றவை சிறிதானால் உள்வெளிகள் மூடிக்கொள்கின்றன. சொற்களும் நீளம். தமிழில் அறிவியல் போஸ்டர் யார் செய்கிறார்கள் என்று கேட்கலாம். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்னெடுத்து வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் குளத்தையோ குப்பையையோ ஆராய்ந்து, சார்ட் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி எடுத்து வருகிறார்கள். கையால் எழுதுவதால் அவர்களுக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அதனாலேயே சொல்ல வந்தது பெரிதாக நிற்கிறது. கணினியில் எழுத்தைச் சுருக்கிக்கொண்டே போகும் வசதி ஆராய்ச்சி மாணவருக்கு உண்டு. அந்த வசதிதான் அவரைக் கெடுக்கிறது.

இனி தலைப்பு. வேளாண் கல்லூரி மாணவி ஒருவர் நெல் வயலில் மீத்தேன் அளந்தார் என்று ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். எப்போதும் நீர் நிற்கும் வயல் ஒன்று. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்ட வயல் இன்னொன்று. இரண்டாவது வயலில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை மண்ணில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே மறுபடி நீர் விடுவார்கள். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இல்லாததால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செழிக்கின்றன. மண் அவ்வப்போது காற்றைக் கண்டால் அவை அடங்குகின்றன. மாணவியின் அளவீட்டில் மீத்தேன் பாதியானது, மகசூல் குறையவில்லை. பல நாடுகளில் அளந்து கண்டதோடு ஒத்துப்போகும் முடிவுதான்.

அவர் வழக்கம்போல வைக்கும் தலைப்பு இப்படி இருக்கும்: 'டெல்டா மாவட்ட நெல் வயல்களில் பாசன மேலாண்மை முறைகளின் பசுங்குடில் வாயு உமிழ்வு மீதான தாக்கம்: ஓர் ஆய்வு'. இதைப் படித்தவருக்கு என்ன ஆய்வு என்பது தெரியும், என்ன முடிவு என்பது தெரியாது. தாக்கம் கூடுதலா குறைவா? எதன் தாக்கம்? வயல் மண்ணில் பல மாதம் நின்று அவர் கண்டுகொண்ட ஒரே உண்மையைத் தலைப்பு மறைத்துவைக்கிறது. இதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பார்க்கலாம்: 'காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்ட வயலில் மீத்தேன் பாதியானது, மகசூல் குறையவில்லை.' எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, திசை இருக்கிறது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில்: 'ஒரு பருவம், ஒரே ஊர், ஒரே நெல் ரகம்.' எல்லையையும் சொல்லியாயிற்று.

இரண்டாவது தலைப்பை எழுத மாணவர்கள் தயங்குகிறார்கள். கைடுகள் இன்னும் அதிகமாகத் தயங்குகிறார்கள். 'இவ்வளவு அழுத்தமாச் சொல்லலாமாம்மா?' என்று கேட்பார்கள். தயக்கத்தின் வேர் எனக்குப் புரிகிறது. தெளிவாகச் சொன்னதைத் தெளிவாக மறுக்க முடியும். 'தாக்கம் பற்றிய ஆய்வு' என்பதை யாராலும் மறுக்க முடியாது. ஏனென்றால் அதில் மறுக்க எதுவும் இல்லை. ஆனால் மறுக்கப்படுவதற்காகத்தான் மாநாட்டுக்குப் போகிறோம். ஆய்விதழின் நடுவர் ஆறு மாதம் கழித்து அநாமதேயமாகச் சொல்லப்போகும் குறையை, அதே துறையில் முப்பது ஆண்டு வேலை செய்தவர் நேரில் நின்று இன்றே சொல்லிவிட்டால் அது எவ்வளவு பெரிய உதவி! அந்த உதவி கிடைக்க வேண்டுமானால் மறுக்கத்தக்க ஒரு வாக்கியத்தை உயரத்தில் எழுதி வைக்க வேண்டும். போஸ்டர் பற்றி நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான். எழுத்தளவும் நிறமும் படமும் இந்த ஒரு வாக்கியத்துக்கு வேலை செய்பவை.

இதை மிகவும் துணிச்சலாகச் செய்து காட்டியவர் மைக் மாரிசன். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது, 2019இல் யூடியூபில் ஒரு கேலிச்சித்திரக் காணொளி வெளியிட்டார். அவர் முன்வைத்த வடிவத்தில் போஸ்டரின் நடுப்பகுதி முழுக்க ஒரே நிறம். அதில் ஆய்வின் முடிவு எளிய மொழியில், மண்டபத்தின் மறுகோடியிலிருந்தும் படிக்கும் அளவில் நிற்கும். கீழே ஒரு க்யூஆர் கோடு. இடது ஓரப் பட்டையில் பின்னணி, முறை, முடிவு எல்லாம் சுருக்கமாக, ஆய்வாளர் பக்கத்தில் இல்லாத நேரத்துக்காக. வலது ஓரப் பட்டையில் கூடுதல் வரைபடங்களும் அட்டவணைகளும், யாராவது துருவிக் கேட்டால் சுட்டிக்காட்டுவதற்காக. சில மாதங்களுக்குள் பல மாநாடுகளில் இந்த வடிவம் தென்பட ஆரம்பித்தது.

எதிர்ப்பும் வந்தது. சான்று எங்கே என்பது அதில் வலுவான கேள்வி. பெரிய எழுத்தில் ஒரு கூற்று, அதை நிறுவும் வரைபடம் ஓரத்தில் தபால்தலை அளவில். அறிவியலாளர் ஒருவரின் சொல்லை நம்பச் சொல்வதற்கு அது மிக அருகில் போய்விடுகிறது. நான் எதிர்த்தவர்கள் பக்கம்தான் சற்றுச் சாய்வேன். மாரிசனும் அடுத்து வெளியிட்ட வடிவத்தில் படத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்தார். கூற்று மேலே, அதைத் தாங்கும் ஒரே ஒரு நல்ல வரைபடம் அதன் கீழே பெரிதாக, மற்றதெல்லாம் ஓரங்களில் என்று வைத்தால் இரு தரப்பின் குறையும் தீரும். உயரத்தையும் பார்க்க வேண்டும். பலகையின் முன் நான்கு பேர் நின்றாலே கீழ்ப்பாதி மறைந்துவிடும். பின்னால் நிற்பவருக்குத் தலைகளுக்கு மேலே தெரிவதுதான் போஸ்டர். ஆகவே கூற்றும் வரைபடமும் கண் மட்டத்திலும் அதற்கு மேலும். நன்றியும் மேற்கோள்களும் அடியில். பல்கலைக்கழகச் சின்னங்கள் மேல் மூலைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு தலைப்பை நடுவில் நெருக்குவது நம் ஊரில் எழுதப்படாத சட்டம். சின்னம் அடியில் இருந்தாலும் கல்லூரியின் பெருமை குறையாது.

அந்த ஒரே வரைபடம் எப்படி இருக்க வேண்டும்? இங்கே நமக்கு உதவ நல்ல ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனிதர்கள் படத்திலிருந்து எண்ணை எவ்வளவு துல்லியமாக மீட்டெடுக்கிறார்கள் என்று சோதித்தார்கள். ஒரே அளவுகோலில் இருக்கும் இரண்டு புள்ளிகளின் இடத்தை ஒப்பிடுவதில் நாம் வல்லவர்கள். நீளத்தை ஒப்பிடுவதில் கொஞ்சம் குறைவு. கோணத்தில் இன்னும் குறைவு. பரப்பில் தடுமாறுகிறோம். கன அளவிலும் நிறத்தின் அடர்த்தியிலும் ஏறத்தாழ ஊகம்தான். இந்த வரிசை மனத்தில் இருந்தால் முப்பரிமாண வட்டப்படம் ஏன் கூடாது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அது கோணத்தைச் சாய்த்து, பரப்பைத் திரித்து, முன்னால் இருக்கும் துண்டைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

நம் மாணவியிடம் வாரந்தோறும் எடுத்த அளவுகள் இருக்கின்றன. அவற்றைப் பதினான்கு வரிசை அட்டவணையாகப் போட்டால் பார்வையாளரின் நூறு ஊன்றல்களும் அதிலேயே தீர்ந்துவிடும். கீழ் அச்சில் நடவு செய்து எத்தனை வாரம் என்பது, நிற்கும் அச்சில் ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு எத்தனை மில்லிகிராம் மீத்தேன் என்பது, இரண்டு கோடுகள். கோடுகளுக்குப் பெயர் ஓரத்துப் பெட்டியில் இருந்தால் கண் படத்துக்கும் பெட்டிக்கும் போய்ப் போய் வர வேண்டும். கோடு முடியும் இடத்திலேயே 'நீர் நிற்கும் வயல்', 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று எழுதிவிடலாம். நீரை வடியவிட்ட நாள்களைக் கீழ் அச்சில் சிறு அம்புக்குறிகளால் காட்டினால், அந்தந்த நாளில் கோடு சரிவதை யாரும் விளக்காமலே பார்ப்பவர் கண்டுகொள்வார். காரணமும் விளைவும் ஒரே படத்தில் கிடைத்துவிடுகின்றன. எக்செல் தானாகப் போடும் குறுக்குக் கோடுகளை நீக்கிவிட வேண்டும். பிழை வரம்புக் கோடுகளை நீக்கவே கூடாது. எத்தனை வயல், எத்தனை முறை அளந்தது என்பதையும் படத்துக்கு அடியிலேயே எழுதிவிட வேண்டும். முறைகள் பகுதிக்கு எழுத்தே வேண்டாம். வயலில் கவிழ்த்த மூடிய பெட்டி, அதிலிருந்து சிரிஞ்சால் எடுத்த வாயு, பாதி புதைத்த குழாய் என்று ஒரு கோட்டோவியம் போட்டால் இருநூறு சொல் மிச்சம்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. மற்ற மக்களிடம் விகிதம் குறைவு என்றாலும் எந்த மண்டபத்திலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். சிவப்புக் கோடு, பச்சைக் கோடு என்று வரைந்தால் அவர்களுக்கு இரண்டும் ஒன்று. நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பான இணை. மசடாகா ஒகாபே, கெய் இடோ என்ற ஜப்பானிய உயிரியலாளர்கள் 2002இல் எல்லாக் கண்களுக்கும் பிரிந்து தெரியும் எட்டு நிறங்களைத் தொகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டால் கவலையில்லை. வெப்ப வரைபடம் போடுபவர்கள் வானவில் நிறவரிசையை விட்டுவிடலாம். தரவில் இல்லாத எல்லைகளை அது கண்ணுக்குக் காட்டுகிறது. பைதானின் மேட்பிளாட்லிப் 2017இல் இயல்பு நிறவரிசையாக 'விரிடிஸ்' என்பதை ஏற்றதற்கு இதுதான் காரணம். பச்சை வயலின் புகைப்படத்தைப் பின்னணியாக விரித்து அதன்மேல் வெள்ளை எழுத்து எழுதும் வழக்கத்தை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு நிறத்தின் மேல் விழுந்து, கண் வரிக்கு வரி போராட வேண்டியிருக்கிறது.

அச்சகத்தில் நடப்பது தனிக் கதை. நம் ஊரில் பெரும்பாலும் ஃபிளெக்ஸ் கடைதான். மாலை ஏழு மணிக்கு, ஒரு பக்கம் காதணி விழா பேனர் ஓடிக்கொண்டிருக்க, கணினி முன் இருக்கும் தம்பி பென் டிரைவை வாங்கி கோப்பைத் திறக்கிறார். பவர்பாயின்ட் கோப்பு. ஸ்லைடு அளவு இயல்பில் இருந்த அகலத் திரை அளவு. ஏ-0 விகிதம் அதுவல்ல. அவர் இழுத்துப் பொருத்துகிறார், வட்டங்கள் நீள்வட்டம் ஆகின்றன. கோப்பைத் தொடங்கும்போதே பக்க அளவை 841க்கு 1189 மி.மீ. என்று வைத்திருந்தால் இது நேராது. அடுத்தது, தமிழ் எழுத்து. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பத்தி, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாக விரியும். யூனிகோடில் எழுதியிருந்தாலும், கடையில் இருக்கும் பழைய மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறிப் போவதுண்டு. எழுத்துருக்களை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாகக் கொண்டுபோவதே வழி. படங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. செல்பேசித் திரையில் எடுத்த, 1080 பிக்சல் அகலமுள்ள படத்தை போஸ்டரின் பாதி அகலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 65 பிக்சல்தான் தேறும். குறைந்தது 150 வேண்டும். வரைபடங்களைப் படமாக வெட்டி ஒட்டாமல் வெக்டர் கோப்பாகவே சேர்த்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. திரையில் பளிச்சென்ற பச்சை, மையில் மங்கும் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். பளபளப்பான பரப்பில் மண்டபத்து விளக்குகள் பிரதிபலித்து நடுப்பகுதியே தெரியாமல் போகும்; மேட் பரப்பு நல்லது. துணியில் அச்சடிக்கும் கடை கிடைத்தால் இன்னும் நல்லது. மடித்துப் பையில் வைக்கலாம், ரயிலில் குழாயைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

கடைக்குப் போவதற்கு முன்னால் இன்னொரு சோதனை. ஏ-4 பிரதியை வேறு துறை நண்பர் ஒருவரிடம் பத்து விநாடி காட்டி, திரும்ப வாங்கிக்கொண்டு, 'நான் என்ன கண்டுபிடிச்சேன்?' என்று கேட்க வேண்டும். 'நெல்லு, மீத்தேன், ஏதோ அளந்திருக்கே' என்று அவர் சொன்னால் தலைப்பு இன்னும் தேறவில்லை. 'வயலைக் காயவிட்டா மீத்தேன் குறையுதாமே' என்றால் கடைக்குப் போகலாம்.

மாநாட்டு நாளில் போஸ்டருக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வந்தவரிடம் 'எக்ஸ்பிளெய்ன் பண்ணட்டுமா சார்?' என்று தொடங்கி ஏழு நிமிடம் ஒப்பிப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். பாவம், வந்தவர் தலையாட்டிக்கொண்டே பக்கத்துப் பலகையைப் பார்க்கிறார். 'சார், நீங்க எந்த ஏரியாவுல வேலை பாக்குறீங்க?' என்று முதலில் கேட்டுவிட்டால் பேச்சு அவருக்கு ஏற்ற இடத்தில் தொடங்கும். மண் அறிவியல்காரருக்கு ஒரு வழி, பாசனப் பொறியாளருக்கு வேறு வழி.

நம் மாணவியின் பலகைக்கு ஒரு மூத்த மண்ணியலாளர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பைப் படிக்கிறார், வரைபடத்தைப் பார்க்கிறார், அம்புக்குறிகளைப் பார்க்கிறார். 'சரிம்மா, நைட்ரஸ் ஆக்சைடு அளந்தீங்களா?' என்கிறார். சரியான கேள்வி. வயலைக் காயவிட்டால் மீத்தேன் குறையும். ஆனால் ஆக்சிஜன் வருவதும் போவதுமான மண்ணில் யூரியாவின் நைட்ரஜன் நைட்ரஸ் ஆக்சைடாக மாறுவது கூடும். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 27 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்றால், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு பிடித்து வைப்பது சுமார் 273 கிலோவுக்குச் சமம். மீத்தேனில் மிச்சப்படுத்தியதில் எவ்வளவு இதில் கரைந்தது என்று தெரியாமல் 'நல்ல முறை' என்று முடிவு கட்ட முடியாது. 'தாக்கம்: ஓர் ஆய்வு' என்ற தலைப்பாக இருந்திருந்தால் அவர் அங்கே நின்றிருக்கவே மாட்டார். 'பாதியானது' என்ற சொல்தான் அவரை நிறுத்தி, கேட்க வைத்தது.

மாணவி அளந்திருக்கவில்லை. அதை மழுப்பாமல் சொல்லிவிடலாம். போஸ்டரிலேயே கூட, கீழ் மூலையில் 'இன்னும் அளக்காதவை' என்று ஒரு சிறு பெட்டி வைத்து நைட்ரஸ் ஆக்சைடையும் மண்ணின் கரிம அளவையும் முன்கூட்டியே எழுதிவிடலாம். அப்படி ஒரு பெட்டி இருக்கும் பலகையின் முன் பேச்சு நீளும். வந்தவர் தற்காப்பைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, நேரே வழி சொல்ல ஆரம்பிக்கலாம். அவர் இப்படிச் சொல்லக்கூடும்: வயலில் கவிழ்த்த அதே பெட்டி போதும், அதே சிரிஞ்சு போதும். வாயுப் பகுப்பாய்வுக் கருவியில் மீத்தேனுக்குச் சுடர் உணரி என்றால், நைட்ரஸ் ஆக்சைடுக்கு எலக்ட்ரான் பிடிப்பு உணரி. எந்தக் கூடத்தில் அது இருக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும், உரமிட்ட மறுநாளிலிருந்து சில நாள் தினமும் அளக்காவிட்டால் உச்சம் தவறிவிடும் என்பதையெல்லாம் அவர் சொல்ல, மாணவி குறித்துக்கொள்கிறார். குறுவை நடவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.